நீள மூஞ்சிப் பூனை

பொய் சொன்னால் தயங்காமல் சொல்ல வேண்டும் என்பதைச் சின்ன வயதிலேயே தெரிந்து வைத்திருந்தவள் நான். அந்தத் திறமையைக் காட்ட எனக்கு வாய்த்தது ஒரு மரநாய்க் குட்டி.

அப்பாவுக்கு மரநாய் என்றாலே ஆகாது. அது எங்கள் அடைக்கோழியைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து, கண்ணில் பட்டால் அடித்தே கொல்வேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர். அப்படியிருக்க, போடிமெட்டுக்குக் கீழே எங்கள் தோட்டத்து ஏலக்காய் ஸ்டோரின் கூரைத் தகரத்தை மாற்றிய அன்று, தாய் மரநாய் தாவி ஓடிவிட, குட்டி ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. கண்கூடத் திறக்கவில்லை பாவம். யாரும் பார்க்குமுன் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் பூனை அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. தாயில்லாத ஆட்டுக்குட்டியை வேறொரு ஆட்டிடம் விடும்போது, அந்த ஆட்டின் பாலைக் குட்டி மேல் தடவிவிடுவார்கள். பூனையிடம் பால் கறக்க யாரால் முடியும்? அது படுத்திருந்த சாக்காலேயே மரநாய்க் குட்டியைத் தேய்தேய் என்று தேய்த்து, மற்ற குட்டிகளுக்கு நடுவில் சொருகினேன். பூனை மோந்து பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு நக்கத் தொடங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குட்டி வளர வளர மூஞ்சியும் வாலும் நீண்டுகொண்டே போயின. ஒருநாள் அப்பா அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“என்னத்தா, இது ஒண்ணுக்கு மட்டும் மூஞ்சி இம்புட்டு நீளமா இருக்கு?”

“இதோட அப்பன் குரங்கணி ஊருக் கடுவன் பூனைப்பா. அங்கிட்டுப் பூனைக்கெல்லாம் மூஞ்சி இப்படித்தேன் இருக்கும்.”

“அப்படியா சங்கதி. வாலும் அங்கிட்டு வழக்கந்தேன் போல.”

ஆமாம் என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மிளகாய் நெடி என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னாளில் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது, மரநாய் பெயரில்தான் நாய், வம்சத்தில் பூனைக்கும் கீரிக்கும் பங்காளி என்று தெரிந்தது. ஆக, நான் சொன்னது முழுப் பொய்கூட இல்லை.

மூஞ்சி நீளத்தைப் பற்றிக் கேட்ட அந்த வாரமே அப்பா கோழிக்கூட்டுக்குப் புதுக் கம்பிவலை அடித்தார். போடிக்குப் போய்வரும்போதெல்லாம், ஜீப்பை விட்டு இறங்கியதும், “இந்தா, ஒம் பூனைக்கு” என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டுவார். அவரை ஏமாற்றிவிட்ட பெருமையோடு நானும் வாங்கிக்கொள்வேன். எந்த ஊர்ப் பூனை வாழைப்பழம் தின்னும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.