அறுபத்திரண்டு முன்னால் போன காலை

தொழிற்சாலையில் அவரை எல்லோரும் கேஜ் என்றுதான் கூப்பிட்டார்கள். தண்ணீர் பம்புகளுக்கான இரும்புப் பாகங்கள் செய்யும் இடம் அது. இருபத்தாறு வருடமாக அவருக்கு அங்கே ஒரே வேலை, செக்கர். கடைசல் எந்திரத்திலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்திலும் துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் விரல் நீளத்துக்கு ஓர் எஃகு உருளை; அதன் பெயர்தான் கேஜ். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் கழிவு, போகக் கூடாதது போய்விட்டாலும் கழிவு.

"கொஞ்சம் சரியா இருக்கற மாதிரிதான் இருக்குண்ணே, விட்டுடுங்களேன்" என்று எந்திரக்காரர்கள் வந்து குழைவார்கள்.

"மாதிரிக்கெல்லாம் இதுல முனை இல்லப்பா" என்று பாகத்தைச் சிவப்புப் பெட்டியில் போடுவார்.

வீட்டிலும் அப்படித்தான். "இவர்கிட்ட பசிக்குதான்னு கேட்டாக்கூட, இருன்னு சொல்லி யோசிச்சுட்டுத்தான் பதில் வரும்" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் இருபத்துநான்கு மணி நேரக் கார் பந்தயம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு முடியும். ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள்; வண்டி நிற்காது. பார்ப்பவர்களும் அப்படித்தான், மாறி மாறித் தூங்குவார்கள். பதினோரு வருடம் அவர் மனைவியின் தம்பியோடு அந்தப் பந்தயத்துக்குப் போனார். இப்போது தனியாகப் போகிறார். ஒரு காலையில் அவர் செய்திருக்க வேண்டிய ஒரு சின்னக் காரியத்தைச் செய்யாமல் விட்டதுதான் காரணம்.

மாப்ளே என்றுதான் அவனைக் கூப்பிடுவார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். முப்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் ஓட்டி ஓட்டி, அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது. அவர் சொல்லாத வார்த்தைகளையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். இரண்டாவது வளைவுக்கு வெளியே, புல் மேட்டில், வேலிக் கம்பியிலிருந்து நான்காவது வரிசை அவர்களுடைய இடம். ஒரு நீலத் தார்ப்பாய், இரண்டு மடக்கு நாற்காலி, இரண்டு ஃபிளாஸ்க், வர்ணனை கேட்க ஒரு சின்ன ரேடியோ. பிறகு நோட்டு. ஒவ்வொரு மணிக்கும் முதல் ஆறு இடத்தில் இருக்கும் வண்டிகளின் எண்ணைக் கேஜ் அதில் எழுதுவார். கைபேசியில் எல்லாம் வருமே என்று யாராவது கேட்டால் மாப்ளே பதில் சொல்வான்: "இந்தக் கூட்டத்துல சிக்னலுக்கே மூச்சு முட்டும். எங்க மாமா நோட்டுக்கு சார்ஜும் வேணாம், டவரும் வேணாம்."

அவர்களுடைய வண்டி அறுபத்திரண்டு. பெரிய கம்பெனிகளின் வண்டிகளுக்கு நடுவே, ஓர் அப்பாவும் இரண்டு மகன்களும் சொந்தப் பட்டறையில் வைத்து ஓட்டிய வண்டி அது. முதல் வருடம் இரண்டாவது மணி நேரத்திலேயே புகைந்துகொண்டு அவர்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது. இறங்கிய ஓட்டுநர் மேட்டைப் பார்த்துக் கையை விரித்தான். மாப்ளேயும் பதிலுக்குக் கையை விரித்தான். அன்றிலிருந்து அது அவனுடைய வண்டி. பதினோரு வருடத்தில் மூன்று முறைதான் அது முடிவுவரை ஓடியது. ஒருமுறை பதினான்காவது இடம். அன்றைக்கு அவன் துள்ளியதில் நாற்காலியின் துணி கிழிந்தது. அக்கா தைத்துக் கொடுத்தாள்.

இருவரில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் கண் விழித்திருக்க வேண்டும். எதற்கெல்லாம் எழுப்ப வேண்டும் என்று நோட்டின் உள்அட்டையில் மாப்ளே கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தான்: 'மழை. பெரிய விபத்து. 62-க்கு எது நடந்தாலும்.'

பதினோராவது வருடம் என்னவோ அதிசயம். இரவு மழையில் பெரிய வண்டிகள் ஒவ்வொன்றாகச் சறுக்கி விழ, அறுபத்திரண்டு மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் ஐந்தாவது இடம். முதல் ஐந்து வண்டிகளும் ஒரே சுற்றில் இருந்தன. மாப்ளேக்குப் பேச்சே நின்றுவிட்டது. நாலரை மணிக்குத்தான் வலுக்கட்டாயமாகப் படுத்தான்.

ஐந்து மணிக்கு அறுபத்திரண்டு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. கேஜ் அவனை உலுக்கினார். அவன் அலறி அடித்துக்கொண்டு எழுந்து வேலிக்கு ஓடினான். அரை நிமிடம் தாமதமாக வண்டி எப்போதும்போல வந்து, எப்போதும்போலப் போனது. முன்னால் இருந்த மெதுவான வண்டிகளில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"மாமா, என் உயிரே போயிடுச்சு" என்றான் அவன், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. தூக்கக் கலக்கத்தில் குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. "சும்மா சும்மா எழுப்பாதீங்க. உறுதியா தெரிஞ்சா மட்டும் எழுப்புங்க. நீங்கல்லாம் செக்கராம்!"

அவன் சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் அத்தனை வருட வேலையில் யாரும் அவரிடம் அந்த வார்த்தையை அப்படிச் சொன்னதில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்ளே தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு நிமிடத்தில் குறட்டை விட்டான்.

ஆறு மணிக்கு நோட்டில் எழுதினார். அறுபத்திரண்டு, ஐந்தாவது இடம். வெளிச்சம் வந்ததும் கூடவே மூடுபனியும் வந்தது. எதிர்ப்பக்கத்து மேடை தெரியவில்லை. ஆறேகாலுக்குப் பாதுகாப்பு வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு ஓடுபாதைக்குள் வந்தது. அது வந்துவிட்டால் ஒருவரையொருவர் முந்தக் கூடாது. எல்லா வண்டிகளும் அதன் பின்னால் வரிசையாக ஊர்ந்துபோக வேண்டும். முன்னால் இருந்த நான்கு வண்டிகளும் இதுதான் சமயம் என்று எரிபொருளுக்கும் டயருக்கும் ஓடுபாதையை விட்டு உள்ளே திரும்பின. அறுபத்திரண்டு திரும்பவில்லை.

வளைவுக்கு மேலே இருந்த மின்பலகையில் எண்கள் மாறின. எல்லாவற்றுக்கும் மேலே, மஞ்சள் வெளிச்சத்தில், 62.

மேட்டில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. போர்வைகளுக்குள்ளிருந்து தலைகள் எழுந்தன. பாதுகாப்பு வண்டிக்கு அடுத்ததாக, ஒட்டுப்போட்ட மூக்கோடு, ஒரு முகப்பு விளக்கு மட்டும் எரிய அறுபத்திரண்டு மெதுவாக வளைவில் வந்தபோது, யாரோ கைதட்டினார்கள். பிறகு மேடு முழுக்கக் கைதட்டியது. குளிருக்குக் கையுறை போட்டிருந்ததால் அந்தச் சத்தம் மொத்தென்று, தலையணையைத் தட்டுவது போல இருந்தது. அதற்கெல்லாம் மாப்ளே அசையவில்லை.

பக்கத்துத் தார்ப்பாயில் வருடா வருடம் வரும் சலவைக்கடைக்கார அம்மா பைனாகுலரை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தாள். "அண்ணே! தம்பிய எழுப்புங்கண்ணே. அவரு வண்டி!"

"இருங்கம்மா. அது எரிபொருள் போட உள்ள போகணும். போனா மறுபடி அஞ்சாவதுதான். இது நிஜமான முதல் இடம் இல்ல."

"நிஜமோ பொய்யோ, மேல எழுதியிருக்கே!"

"அடுத்த சுத்தும் வருதான்னு பாப்போம். உறுதியாகட்டும்."

அடுத்த சுற்றும் வந்தது. ஊர்கிற வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம். அவர் மாப்ளேயின் தோளுக்குக் கையை நீட்டினார். தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. உறுதியா தெரிஞ்சா மட்டும். இதைப் பந்தயம் என்று சொல்ல முடியுமா? முந்தக் கூடாத நேரத்தில் முந்தாமல் கிடைத்த இடம். எழுப்பி, அவன் கண்ணைத் துடைப்பதற்குள் வண்டி உள்ளே திரும்பிவிட்டால்? இன்னொரு முறை செக்கர் என்பானா? அவர் கையை இழுத்துக்கொண்டார். மூன்றாவது சுற்று. நான்காவது சுற்று. ஐந்தாவதில் அறுபத்திரண்டு எரிபொருளுக்கு உள்ளே திரும்பியது, அவர் கணக்குப் போட்டிருந்தது போலவே. திரும்பி வந்தபோது ஐந்தாவது. அவருக்குள் ஒரு சின்னத் திருப்திகூட வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவருக்குக் கூசுகிறது.

ஏழு மணிக்கு எழுதினார். அறுபத்திரண்டு, ஐந்தாவது இடம். மணிக்கு மணி எழுதும் நோட்டில், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே எழுத இடம் கிடையாது.

ஏழரைக்கு மாப்ளே எழுந்து கொட்டாவி விட்டான். "என்ன மாமா ஆச்சு?"

"பனி. பாதுகாப்பு வண்டி வந்துச்சு. நம்ம வண்டி அஞ்சாவதுலயேதான் இருக்கு."

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

ஒன்பது மணிக்கு அறுபத்திரண்டின் கியர்பாக்ஸ் போய்விட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பெரிய திரையில் காட்டினார்கள். மாப்ளே தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தான். அவனைத் தேற்றத்தான் சலவைக்கடைக்கார அம்மா ரொட்டியை நீட்டியபடி சொன்னாள்: "விடுங்க தம்பி. காலையில நாலு சுத்து எல்லாருக்கும் முன்னால போச்சே, அது போதாதா? நாங்கல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டினோம். நீங்கதான் நல்லா தூங்கிட்டீங்க."

மாப்ளே ரொட்டியை வாங்கிக்கொண்டான். பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தான். ஆறு மணி வரியைப் பார்த்தான், ஏழு மணி வரியைப் பார்த்தான்.

"நாலு சுத்தா, மாமா?"

"எரிபொருளுக்குப் போகாம இருந்ததால வந்தது மாப்ளே. பாதுகாப்பு வண்டி பின்னாடி. நிஜமான முதல் இடம் இல்ல."

"எனக்கு அது போதுமே, மாமா."

சத்தம் போடவில்லை. முப்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் அன்றைக்கு இருந்த இடம் தெரியவில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால் இவரும் பதிலுக்கு இரண்டு சொல்லி, மதியத்துக்குள் எல்லாம் சரியாகியிருக்கும். மூன்று மணிவரை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய வண்டியோ ஜெயிப்பதைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். கடைசியில், "கணக்குப்படி நான் சொன்னதுதான் சரி" என்றார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரிதாங்க. எழுப்பியிருந்தா உங்க கணக்குல என்ன குறைஞ்சிருக்கும்?"

அவர் யோசித்தார். 

தம்பி அந்த நான்கு சுற்றைக் கைபேசியில் தேடிக்கொண்டே இருந்தானாம். அவள்தான் பிறகு சொன்னாள். சுருக்கக் காட்சிகளில், அந்த நேரத்தில் பெரிய வண்டிகள் டயர் மாற்றுவதையே காட்டியிருந்தார்கள். ஓர் இடத்தில் பனிக்குள் ஒற்றை விளக்கு தெரிந்ததாம். அறுபத்திரண்டா என்று சொல்ல முடியவில்லையாம்.

அடுத்த வருடம் அறுபத்திரண்டு வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, மகன்கள் பட்டறையை மூடிவிட்டார்கள் என்று வர்ணனையில் ஒரே ஒரு வரி சொன்னார்கள். மாப்ளேயும் வரவில்லை. வேனுக்கு வேலை இருக்கிறது என்றான். அதற்கடுத்த வருடம் பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டுக்கு வந்தால் பழையபடிதான், கத்திப் பேசுவான், அக்காவைக் கிண்டலடிப்பான். பந்தயப் பேச்சு வந்தால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போவான்.

மூன்றாவது வருடம் கேஜ் ஒரு காரியம் செய்தார். நோட்டில் அந்த வருடத்துப் பக்கத்தை எடுத்து, ஆறு மணி வரிக்கும் ஏழு மணி வரிக்கும் நடுவே, பொடி எழுத்தில் நான்கு வரி எழுதினார். ஒவ்வொரு சுற்றும் வளைவைத் தாண்டிய நேரம். அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், ஒன்றும் மறக்கவில்லை. நோட்டையும் இரண்டு நுழைவுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மாப்ளே வீட்டுக்குப் போனார்.

வேனைக் கழுவிக்கொண்டிருந்த மாப்ளே கையைத் துடைத்துவிட்டு நோட்டை வாங்கினான். நான்கு வரியையும் விரல் வைத்துப் படித்தான்.

"ஒட்டுப்போட்ட மூக்கோடவா வந்துச்சு?"

"ஆமா. ஒரு விளக்குதான் எரிஞ்சுது."

"ஓட்டினது யாரு? சின்னவனா?"

"சின்னவன்தான்."

மாப்ளே சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், வந்துவிடுவான் என்றே அவருக்குத் தோன்றியது. ஆனால் அவன் நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்தான்.

"கோவமெல்லாம் இல்ல மாமா. சத்தியமா இல்ல. அங்க வந்து படுத்தா எனக்கு இனிமே தூக்கம் வராது. வேற ஒண்ணுமில்ல." உள்ளே போய் மடக்கு நாற்காலியை எடுத்துவந்தான். அக்கா தைத்த இடத்தில் நூல் வேறு நிறம். "இதை எடுத்துட்டுப் போங்க. ஈரத்துல பை வைக்க ஆகும்."

இந்த வருடமும் கேஜ் போனார். அதே மேடு, அதே நான்காவது வரிசை. இரண்டு நாற்காலியையும் விரித்தார். ஒன்றில் பையை வைக்க மனம் வராமல் தரையிலேயே வைத்தார். பகலும் இரவும் மணிக்கு மணி எழுதினார். மாற்றிவிட ஆள் இல்லாததால் விடியும்போது எழுத்து கோணியது. சலவைக்கடைக்கார அம்மா கவனித்துவிட்டாள்.

"கொஞ்சம் கண்ணை மூடுங்கண்ணே. நான் பாத்துக்கறேன். எதுக்கு எழுப்பணும், சொல்லுங்க?"

அவர் உள்அட்டையைத் திருப்பினார். கோணல் எழுத்து அப்படியே இருந்தது. கடைசி வரிக்கு இப்போது வண்டி இல்லை.

"எதுவா இருந்தாலும் எழுப்புங்கம்மா" என்றார். "உங்களுக்கு உறுதியா தெரியலைன்னாலும் எழுப்புங்க."

படுத்து இருபது நிமிடம் இருக்கும். தோளில் ஒரு கை விழுந்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள் அந்த அம்மா, கொஞ்சம் வெட்கப்பட்டு. "பனி விலகுது. எதிர் மேடை தெரியுது. அதான்... சும்மா எழுப்பிட்டேன். தப்பா?"

"தப்பில்லம்மா" என்றார். எதிர் மேடையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே, நேரம் போட்டு எழுதினார்: 'பனி விலகியது. எழுப்பினார்கள்.'