மாமா உள்ளே வராத மண்டபம்

என் மகள் பெர்லினில் மென்பொருள் எழுதுகிறாள். நான் வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே போய், அவளுக்கு ரசம் வைத்துக் கொடுத்து, குளிரைத் திட்டிவிட்டுக் கடலூருக்குத் திரும்புவேன். போன தடவை, அவள் சமையலறையில் நான் செய்த சேதாரத்தைப் பொறுக்க முடியாமல், "வாங்கப்பா, ஒரு பில்டிங் காட்டுறேன்" என்று வெளியே இழுத்துப்போனாள்.

நாஜிகள் தங்கள் விமானத்துறை அமைச்சகத்துக்காகக் கட்டிய பில்டிங். தெருவை அடைத்துக்கொண்டு நீளும் சாம்பல் நிறக் கல். ஜன்னல், ஜன்னல், மறுபடியும் ஜன்னல். பார்க்கிற மனுஷனைச் சின்னவனாக்கிவிட வேண்டும் என்றே திட்டம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். என் உயரத்துக்கு அவர்கள் இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டியதில்லை. ஊரில் பாதியைத் தரைமட்டமாக்கிய குண்டுகள் இதைப் பெரிதாகத் தொடவில்லையாம். இன்றைக்கு உள்ளே இருப்பது நிதி அமைச்சகம். சின்ன வயசு அதிகாரிகள் சைக்கிளைச் சாத்திவிட்டு, ரொட்டியைக் கடித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள்.

எனக்கு வந்ததே கோபம்.

"இத இடிச்சுத் தள்ள வேணாமா? இன்னா ஜனங்க இவுங்க? அவனுங்க ஒக்காந்த எடத்துல ஒக்காந்து கணக்கு பாக்குறாங்க!"

"கத்தாதீங்கப்பா. கிட்ட போயி போர்ட படிங்க."

படித்தேன். யார் கட்டினார்கள், உள்ளே உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்று படத்தோடு போட்டிருந்தது. அடுத்த மூலையில் ரகசியப் போலீசின் தலைமையகம் இருந்த இடம். கட்டடம் போய்விட்டது. நிலவறைச் சுவர்களைத் தோண்டியெடுத்து அப்படியே விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று, சாக்லேட் தின்றபடி, அதைப் பார்க்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால், அந்த மீசைக்காரர் கடைசியில் பதுங்கிக்கிடந்த இடத்துக்கு மேலே கார் நிறுத்துகிறார்கள். ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. அங்கேயும் ஒரு போர்டு.

அந்தப் போர்டைப் படித்து முடித்ததும் ஜெர்மனிமேல் இருந்த கோபம் போய்விட்டது. கோபம் போனதே தவிர இறங்கவில்லை. நேராக விமானம் ஏறிக் கடலூருக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊரிலும் ஒரு கட்டடம் உண்டு. எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன், அந்தத் தெருவில் என் மனைவிக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அது கிடங்கு. நெருக்கடி நிலையின்போது, பிடித்துக்கொண்டு வந்த ஆட்களை வைத்து 'விசாரித்த' இடம். நெருக்கடி முடிந்ததும் சுற்றிலும் வெள்ளையடித்து, கதவுக்குப் பச்சை பெயின்ட் பூசி, ஃபேன் மாட்டி, சமுதாயக் கூடம் என்று புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதற்கும் கிடைக்கும். திறந்த புதிதில் அங்கே விசேஷம் வைத்துக்கொண்டவர்களில் நாங்களும் உண்டு. விசேஷம் என் காதுகுத்து.

எங்கள் பக்கம் ஒத்தைப்படை வயசில் காது குத்துவார்கள். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் மடி இல்லாமல் ஊசி கிட்டே வராது. எனக்கு ஐந்து வயசில் நடந்திருக்க வேண்டியது. ஜிப்பாகூடத் தைத்தாகிவிட்டது. திடீரென்று "மாமா ஊர்ல இல்லடா" என்றாள் அம்மா. எந்த ஊருக்குப் போயிருக்கிறார்? "வெளியூரு." எப்போது வருவார்? "வருவாரு, போயி வெளையாடு." அந்த வெளியூர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆறு வயசு இரட்டைப்படை, அதனால் இன்னொரு வருஷமும் போனது. மூன்றாம் வகுப்பில் என் காது மட்டும் மூளியாக இருந்தது. "ஒனக்கு மாமனே கெடையாதுடா, சும்மா சொல்ற" என்றார்கள். எனக்கு மாமா இருக்கிறார் என்பதை ஊரறிய நிரூபித்தாக வேண்டியிருந்தது.

மாமா சிதம்பரத்தில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் வைத்திருந்தார். அவர் வெளியூரிலிருந்து திரும்பிவந்ததும் அப்பா நாள் குறித்தார், கூடம் பிடித்தார், பத்திரிகை அடித்தார். மச்சானை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள் என்று அப்பா கேட்டதே இல்லை. அம்மாவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம். பத்திரிகையில் 'சமுதாயக் கூடம்' என்று படித்த மாமாவுக்கும் அது எந்தக் கட்டடம் என்று தெரியாது. அப்படி ஒரு பெயரில் அவர் அங்கே தங்கவில்லையே.

அன்று காலை திருவந்திபுரத்தில் எனக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, கூடத்து மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே மேளம் நெருங்கியது. மாமா தெருவுக்குள் வந்துவிட்டார் என்றார்கள். பிறகு மேளம் வாசலிலேயே நின்று அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

"தட்டு கொறைச்சலா கொண்டாந்திருப்பாரு, உள்ள வர வெக்கமா கீது" என்றாள் அப்பாவின் தங்கையான என் அத்தை, மேடைக்குக் கேட்கிற மாதிரி.

நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மாமா கேட்டுக்கு வெளியே, தலையில் தட்டோடு நின்ற பெண்களுக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், வாசல்லயே நின்னுட்டீங்க? நல்ல நேரம் போவுது" என்றார் அப்பா.

"நான் வரல மாமா. நீங்க நடத்துங்க."

"நடத்துறதா? யாரு மடியில? எம் மடியிலயா?"

"இங்கதான் மாமா."

"எது இங்கதான்?"

அப்பாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், எங்கள் ஜில்லாவில் எல்லாரும் செய்வதைச் செய்தார். சமாதானம் சொன்னார்.

"அதெல்லாம் மாத்திட்டாங்க மச்சான். வெள்ள அடிச்சி, ஃபேன் போட்டு, ஜம்முனு கீது. உள்ள வந்து பாருங்க, அடையாளமே தெரியாது."

"வாசன நல்லாத்தான் வருது. சமையல் எந்த ரூம்ல நடக்குது?"

"பின்னாடி. தொட்டி இருக்குற ரூம்ல."

மாமா தலையாட்டினார். "ஆமா. அந்த ரூம்ல தண்ணி வசதி ஜாஸ்தி."

அப்பா திரும்பிக் கூடத்தின் பின்பக்கம் பார்த்தார். பேசியது நான்தான். "வா மாமா! எல்லாரும் பாக்குறாங்க!"

"மாமனுக்கு அந்தப் படி ஏற கால் வரலடா மாப்ள."

"தூக்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

மாமா சிரித்தார். "போன தடவ அப்படித்தான்டா கொண்டுபோனாங்க" என்றார்.

பல வருஷம் கழித்து, நான் கல்லூரியில் படித்தபோது, அம்மா எனக்குச் சொன்னது கொஞ்சம்தான். யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு துண்டறிக்கையை மாமா ஸ்டென்சிலில் டைப் அடித்துக் கொடுத்தார். அவர் எழுதினதுகூட இல்லை, அடித்தது மட்டும்தான். எந்த மெஷினில் அடித்தது என்று கண்டுபிடித்து வந்துவிட்டார்கள். திரும்பி வந்தபிறகு மாமா டைப் சொல்லிக்கொடுத்தார், அடிக்கவில்லை. அவருடைய விரல்களைப் பற்றி அம்மாவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வழக்கம் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

பெர்லினிலிருந்து திரும்பிய கையோடு அந்தக் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். இப்போது ஏசி போட்டிருக்கிறார்கள். வாசலில் பளபளவென்று கருங்கல்லில் கல்வெட்டு. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர், நன்றி சொன்னவர் என அத்தனை பேர் பெயரும் தங்க எழுத்தில். அன்றைக்கு மைக் செட் வைத்தவர் பெயர்கூட இருக்கும் போலிருந்தது. உள்ளே அடிபட்டவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. நாய் காலைத் தூக்குகிற இடத்தில்கூட ஒருத்தன் போர்டு வைக்கிறான். நாம் ரத்தத்தைக் கழுவின தொட்டியில் அரிசி களைந்து, ஊருக்கே இலை போடுகிறோம். சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் உப்பு கம்மி என்று குறை வேறு.

மேனேஜரிடம் போய், இங்கே ஒரு சின்ன போர்டு வைக்க வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். கல்யாணம் நடக்குற எடத்துல அபசகுனமா அதெல்லாம் இன்னாத்துக்கு?"

"நடந்தது உண்மைங்க."

"இல்லன்னு யாரு சொன்னா? எங்க பெரியப்பாவையும் இங்கதான் புடிச்சி வெச்சிருந்தாங்க. எம் பொண்ணு கல்யாணமே இங்கதான நடந்துச்சி."

வெளியே வந்து, கடுங்கோபத்தோடு ஒரு டீ குடித்தேன். என் கோபங்கள் எல்லாம் டீயில்தான் முடியும்.

காது குத்தினதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அன்றைக்கு அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து, தன் தம்பியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு ஜமக்காளத்தை உருவிக்கொண்டு வந்தாள். அதில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்திருக்க வேண்டியதாயிற்று. கேட்டுக்கு வெளியே, பூவரச மரத்தடியில், ரோட்டு ஓரமாக விரித்தாள்.

"ரோட்லயாம்மா? தூசி படுமே" என்றார் பத்தர்.

"எந் தம்பி மடி எங்க இருக்குதோ அங்கதான் காதுகுத்து. நீங்க ஊசிய எடுங்க."

"ஊரு சிரிக்கும் அண்ணி" என்றாள் அத்தை.

"சிரிக்கட்டும். நீங்க தட்ட எண்ணுங்க. ஒண்ணு ஜாஸ்தியாவே இருக்கும்."

மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னை மடியில் இழுத்துக்கொண்டார். ஆசைப்பட்ட மடி, ஆனால் நடு ரோட்டில். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்து, கடைசியில் டிரைவரும் இறங்கி வேடிக்கை பார்த்தார். கூட்டத்தில் என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர். எனக்கு மாமா இருக்கிறார் என்பது நிரூபணமாகிவிட்டது, அவர் கிறுக்கர் என்பதும் சேர்ந்தே. மானம் போய்விட்டதே என்று நான் பொருமிக்கொண்டிருந்தபோது ஊசி இறங்கியது.

அப்படி ஒரு அலறல் அலறினேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். அழாத, ஆம்பளப் புள்ள, அவ்ளோதான், முடிஞ்சிபோச்சி, வாய மூடு. பத்தர்கூட வாயில் சர்க்கரையைத் திணித்தார். மாமா மட்டும் அதைத் தட்டிவிட்டு, என் மொட்டைத் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காதுக்குள் சொன்னார்:

"கத்துடா மாப்ள. நல்லா கத்து. ரோட்டுக்குக் கேக்கட்டும்."

வலியில் துடிக்கிற பிள்ளையைக் கேலி செய்கிறாரே என்று நினைத்தேன். அதற்காக அவரோடு ஒரு மாசம் பேசாமல் இருந்தேன். அந்தக் கூடத்தின் பின்பக்க அறைக்கும் ரோட்டுக்கும் இடையில் ஒரே ஒரு சுவர்தான் என்பது எனக்குத் தெரியும், அதில் நான் பந்து அடித்திருக்கிறேன். அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து மாமா கத்தியது ரோட்டில் போய்க்கொண்டிருந்த எல்லாருக்கும் கேட்டுத்தான் இருக்கும் என்பது அப்போது தெரியாது.