மத்தியானத்தில் காணாமல் போகிற பிள்ளை

புகழேந்திக்கு முப்பது வயதுதான். அதற்குள் சந்தேகப்படுவதில் டாக்டர் பட்டம் வாங்குமளவுக்குத் தேறிவிட்டான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆழ்வார்பேட்டையில் ஒரு கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்தான். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. மகள் தமிழ்நிலா அப்போது கைக்குழந்தை. இப்போது மயிலாப்பூரில், கால்வாய் ஓரத்துச் சந்தில், வீட்டு வாசலிலேயே மேஜை போட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். மனைவி ஷீலாவுக்குத் தி. நகர் புடவைக் கடையில் வேலை. அவள் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும்.

சந்தேகமெல்லாம் நாகராஜ் மேல்தான். ஷீலாவின் மாமன் மகன், ஆட்டோ ஓட்டுகிறவன். ஒருகாலத்தில் அவளை அவனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடந்தது. அவன்தான் பன்னிரண்டரைக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்து விடுகிறான். அது உள்ளே ஓடிச் சோறு தின்னும். அப்புறம் நாலு மணி வரை ஆளே இருக்காது. கூப்பிட்டாலும் பதில் வராது. படியேறி உள்ளே போய்ப் பார்க்க இவனாலும் ஆகாது.

எங்கே போனாய் என்று கேட்டால் தினமும் ஒரே பதில், உன்கூடத்தான் இருந்தேன் என்று. அஞ்சு வயசுக்கு இப்படியொரு பொய் எங்கிருந்து வரும்? அம்மாக்காரி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பின்வாசல் வழியாகப் பிள்ளையைக் கூட்டிப்போய் நாகராஜ் வீட்டில் விட்டுப் பழக்குகிறார்கள், நாளைக்கு அவனையே அப்பா என்று கூப்பிட வைப்பார்கள். இப்படியே யோசித்து யோசித்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி போனால்கூடத் தாங்கிக்கொள்வான். மகளும் போய்விட்டால் தான் யாருக்கு என்ன என்ற பயம் அவனைப் பிடுங்கித் தின்றது.

புதன்கிழமை அதே பதில் வந்தபோது பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். ஷீலா வந்ததும் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டான். நாகராஜ் இனி இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்றான். சனிக்கிழமை வரைக்கும் பொறு, வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு போனைப் பிரிக்கும்போது குட்டித் திருகாணி ஒன்று கீழே விழுந்தது. மேஜை நெஞ்சில் இடித்ததால் குனிய முடியவில்லை. தன் போனை மேஜைக்கு அடியில் நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தான்.

தெருவில் போகிறவர்களுக்குத் தன் கால்கள் தெரியக்கூடாதென்று மேஜையின் முன்பக்கம் பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். படத்தில், அதற்குப் பின்னால் தமிழ்நிலா. அவன் முழங்காலைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். லுங்கி அவள் எச்சிலில் நனைந்திருந்தது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மேஜையைத் தட்டி அவளைக் கூப்பிட்டான். பிள்ளை எழுந்து அவன் பக்கமாகத் தலையை நீட்டி, முதலில் அவன் கையைப் பார்த்தாள்.

"இங்க இன்னா பண்ற?"

"நைனா வேலை செய்யசொல தொந்தரவு பண்ணாதன்னு அம்மா சொல்ச்சு. கால புட்ச்சா உனுக்குத் தெரியாதுல்ல, அதான் இங்க கீறேன்."

எத்தனை நாளாக என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மேஜையைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கி மடியில் வைத்தான். மடியிலும் பாரம் தெரியவில்லை. இன்னும் மேலே இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"இனிமே இங்க குந்து," என்றான். "இங்க தெரியுது."