போறேன் என்ற சொல்

மாலை ஐந்து நாற்பது. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த நாடகக் கொட்டகையில் நான் முதலில் பார்த்தது, கவுனுக்குக் கீழே எட்டிப் பார்த்த வேட்டிக் கரையை. கவுனுக்குள் இருந்தவர் ஸ்ரீரங்கத்து ரயில்வே குமாஸ்தா. எங்கள் சபையில் பெண் வேஷமெல்லாம் அவருக்குத்தான்.

ஓர் ஆங்கில நாடகாசிரியரின் நாடகத்தை, பத்திரிகை வேலைக்குப் போக மிஞ்சிய நேரத்தில் தமிழாக்கியிருந்தேன். அப்பாவின் அதிகாரம் பொறுக்காத மகள் கடைசிக் காட்சியில் வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறாள். 'போறேன்' என்கிறாள், திரை விழுகிறது. மற்றதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கான ஏற்பாடு.

மகளாக நடித்த குமாஸ்தா ஒத்திகையில் ஒருநாளும் அதைச் சொல்லவில்லை. 'போயிட்டு வரேன்' என்றே வாயில் வந்தது. நானும் திருத்தித் திருத்திச் சலித்துவிட்டேன்.

"ஆத்துல என் ஆம்படையா ஜுரமாப் படுத்திண்டிருக்கா, சார். விளக்கேத்தற வேளையில அந்த வார்த்தை வரமாட்டேங்கறது."

அப்பா வேஷக்கார வக்கீல் மீசையை ஒட்டிக்கொண்டே, "லண்டன்ல ஏதுங்க விளக்கேத்தற வேளை? சும்மா சொல்லிட்டுப் போங்க," என்றார்.

முதல் ஆட்டமான அன்று மாலையும் குமாஸ்தா வேஷம் போட்டபடியே எனக்கு வாக்குக் கொடுத்தார். "இன்னிக்குச் சொல்லிடறேன், சார்."

கடைசிக் காட்சி வந்தது. பெட்டியைத் தூக்கினார். வாசல் வரை போய் நின்றார். நான் பக்கத்துத் தட்டியின் மறைவிலிருந்து அந்தச் சொல்லை இரண்டு முறை எடுத்துக் கொடுத்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

"போயிட்டு வரேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "மகராசியாப் போயிட்டு வாம்மா!" என்றது. கொட்டகையே கை தட்டியது.

உள்ளே போனேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை. அவர் தேங்காய் எண்ணெய் தொட்டு முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கார்த்தால கிளம்பறச்சே அவ கண்ணே திறக்கலை, சார். சொல்லிக்காம வந்துட்டேன். வாசற்படியைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்துடுத்து."

"அதுக்கு என் நாடகம்தான் கிடைச்சுதா?" என்றேன்.

"மன்னிச்சுக்கோங்கோ," என்று கைக்கடிகாரத்தைத் தேடினார். ஸ்ரீரங்கத்துக்குக் கடைசி பஸ் போக இன்னும் கால் மணி இருந்தது.

அவர் மனைவிக்குப் பதினோராம் நாள் ஜுரம் விட்டது. அதற்குள் நாங்கள் மூன்று ஆட்டம் போட்டிருந்தோம். மூன்றிலும் மகள் போய்விட்டு வருவதாகச் சொல்லித்தான் போனாள்.