ஆட்டுக்காரி விற்ற சேதி

எங்கள் தெருவில் திரைச்சீலை தைக்கும் அக்காவுக்குப் போனில் ஒரு கோட்டை உண்டு. உலகமே கூடி அடித்துக்கொள்ளும் அந்தச் சண்டை விளையாட்டில் அதைப் போல ஒரு நோஞ்சான் கோட்டை கிடையாது. படை இல்லை. நாலைந்து ஆடு மேயும். அதுவும் இருமிக்கொண்டே மேயும். இருந்தாலும் ஒரு பயல் அவளைத் தொடமாட்டான். 'ஆட்டுக்காரி' என்ற பெயரில் அவள் செய்வது சேதி வியாபாரம். எவன் கோட்டையை அடிவிழாமல் காக்கும் கவசம் எப்போது தீரும், எவன் எப்போது குறட்டை விடுவான், எல்லாம் அவளிடம் கிடைக்கும். ஒரு சேதிக்கு ஒரு சேதி. பெற்ற தாய் கேட்டாலும் இனாம் கிடையாது.

இது புருஷனுக்குத் தெரியாது. போனில் விளையாடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு உச்சந்தலையில் புகை வரும்.

அன்று காலை 'தலைவர்' என்ற பெரிய படைக்காரர், பூனைக்கோட்டையை எப்போது அடிக்கலாம் என்று கேட்டார்.

"நாலு மணிக்கு. கவசம் தீர்ந்துடும். அந்த ஆளும் அப்ப போனைத் தொடமாட்டான்" என்று எழுதிவிட்டு அக்கா தையலைத் தொடர்ந்தாள்.

மத்தியானம் கொழுந்தன் சாப்பிட வந்தான். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன். கை கழுவிவிட்டுப் போனை நீட்டினான்.

"அண்ணி, இந்தக் கவசம் நாலு மணிக்குத் தீருது, அப்ப என் கை முழங்கை வரைக்கும் மாவுல இருக்கும். போனை விட்டுட்டுப் போறேன், என் கோட்டைக்குப் புதுக் கவசம் போட்டுடுங்களேன். ரெண்டு வருஷமா கல்லு கல்லா கட்டினது."

போனில் கொடி பறந்தது. கொடியில் பூனை.

அக்கா பூனையைப் பார்த்தாள். பூனையும் அவளைப் பார்த்தது.

"உன்னை அடிக்கச் சொல்லிச் சேதி வித்த ஆட்டுக்காரியே நான்தான்டா. இப்ப கவசம் போட்டா என் சேதி பொய்யாயிடும், தொழில் நாறிடும். ஈடா ஒரு சேதி குடு."

"அந்த ஆட்டுக்காரி நீங்கதானா? கொழுந்தன்கிட்டயேவா?"

"கொழுந்தன்னுதான் ஒண்ணோட விடுறேன்."

"வடக்குக் கோட்டைக்காரன் படையை ஒளிச்சு வச்சிருக்கான்."

"பழசு."

"கிழக்குல கூட்டணி உடையுது."

"அது நான் வித்ததுடா."

கொழுந்தனுக்கு ஊற்றிய வேர்வையில் ஒரு மூட்டை மாவு பிசைந்திருக்கலாம்.

"சரி, பெரிய படை வச்சிருக்காரே தலைவர், அவர் யாருன்னு சொல்லட்டா? நம்ம அண்ணன்தான். நேத்து சார்ஜர்ல கிடந்த அவர் போனைப் பாத்தேன்."

தையல் மெஷின் நின்றது. பழைய கவசம் தீர்ந்த நொடியில் அக்கா புதுசைப் போட்டாள். ஏறியதா என்று இன்னொரு தரமும் பார்த்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பூமியே குலுங்க வந்த தலைவரின் படை, கவசத்தில் மூக்கை இடித்துக்கொண்டு பட்டினியோடு திரும்பியது. உடனே தலைவரிடமிருந்து தகவல்.

"எவனோ காட்டிக் குடுத்துட்டான். யாருன்னு சொல்லு ஆட்டுக்காரி, எது கேட்டாலும் தரேன்."

"நேர்ல வந்தா சொல்றேன்."

"உன் வீடு எனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் வர்ற வழியிலயே வாங்க. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

தலைவர் அந்த நொடியே விளையாட்டை விட்டு வெளியேறினார் என்று திரை காட்டியது.

சாயங்காலம் பால் வந்தது. தெருவே குளிக்கிற அளவுக்கு.