அந்த ஏழு மூச்சு

போன வருஷம் கார்த்திகை மாதம், இரண்டு நாள் மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. திருவொற்றியூரில் கடலோரக் குப்பங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெண்கள் பள்ளி. காலை மணி ஒன்பதே முக்கால் இருக்கும். இரண்டாவது மாடியில் என்னுடைய எட்டாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்னால் நின்று அவர்களுக்காக மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் படித்தது கெமிக்கல் இன்ஜினீயரிங். மணலியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அப்புறம் பி.எட். முடித்து அறிவியல் ஆசிரியை ஆனேன். எதற்கும் பட்டியல் போட்டால்தான் எனக்கு நிம்மதி. தூங்கப் போவதற்கும் நான் நம்பர் போடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

எங்கள் பள்ளியில் தினமும் ஐந்து நிமிடம் தியானம் தொடங்க முடிவானபோது, மூன்று நாள் பயிற்சிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். முதல் நாள் பயிற்சியாளர் சொன்ன முதல் வார்த்தை, 'கவனியுங்கள்.' உள்ளே என்ன நடக்கிறது, வெளியே என்ன நடக்கிறது, இரண்டையும் பதற்றமில்லாமல் கவனிப்பதுதான் எல்லாம் என்றார். அதை நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன். ஆனால் வகுப்புச் சுவரில் மாட்ட நான் தயாரித்த அட்டை இப்படி இருந்தது: ஒன்று, பைகள் வராந்தாவில் இருக்க வேண்டும். இரண்டு, முதுகு நேராக. மூன்று, மணி அடிக்கும்வரை கண் திறக்கக் கூடாது. நான்கு, பேசக் கூடாது. ஐந்து, என்ன சத்தம், என்ன வாசனை வந்தாலும் பொருட்படுத்தாமல் மூச்சை மட்டும் பார்க்க வேண்டும். முதல் நாள் கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கு அட்டையில் இடம் இல்லாமல் போனதை நான் கவனிக்கவே இல்லை.

பொய் சொல்லக் கூடாது, பலன் இருந்தது. மூன்றே வாரத்தில் முதல் பாடவேளையின் கூச்சல் அடங்கியது. நான் கத்துவதும் குறைந்தது. நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. முப்பது மூச்சு என்றால் சரியாக ஐந்து நிமிடம்.

ஒருத்தி மட்டும் அடங்கவில்லை. குப்பத்திலிருந்து வரும் பெண். தினமும் பாதியில் கண்ணைத் திறந்து ஜன்னல் வழியாக எதிர் வீட்டு மொட்டை மாடியையே பார்ப்பாள். அங்கே கொடியில் துணி காய்வதைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு முறை எச்சரித்துவிட்டு, ஜன்னலோரத்திலிருந்து எழுப்பி முன் வரிசையில் உட்கார வைத்தேன். காலியான அந்த இடத்தில், வீசிங் தொல்லை இருந்த இன்னொரு பெண்ணைப் போட்டேன். அவளுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கண் திறப்பவளின் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். மீன் விற்றுவிட்டு, காலி அன்னக்கூடையோடு நேராக வந்தார். என் புகாரை முழுதாகக் கேட்டார்.

"கண்ண மூடிக்கினு உக்காருன்னா எப்டி டீச்சரு உக்காரும்? எங்க வூட்டாண்ட ஐஸ் கம்பெனி கீது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுதான் நாங்க பல்லே வெளக்குவோம்."

மீனுக்கு ஐஸ் கட்டி தயாரிக்கும் கம்பெனி அது. பள்ளிக்கு வடக்கே மூன்று தெரு தள்ளி இருக்கிறது. குளிரூட்ட அமோனியா வாயு பயன்படுத்துவார்கள். எப்போதாவது கொஞ்சம் கசிவதுண்டு என்றார் அந்த அம்மா. அதை வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும், வகுப்பில் வேண்டாம் என்று சிரித்த முகமாகவே சொல்லி அனுப்பினேன். 'தாயாரின் ஒத்துழைப்பு இல்லை' என்று நோட்டில் குறித்தும் வைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எங்கள் தியான வகுப்பைப் பார்க்க மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. தலைமை ஆசிரியை காலையிலிருந்து இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒத்திகை மாதிரி முன்கூட்டியே தொடங்கினேன்.

பன்னிரண்டாவது மூச்சில் லேசாக ஒரு வாசனை வந்தது. தலைச்சாயம் பூசும்போது வருமே, அது மாதிரி. எங்கள் பகுதியில் நாற்றம் என்பது வெயில், மழை மாதிரி. தினமும் ஏதோ ஒன்று வரும், போகும். புதிதாக வருகிறவர்கள்தான் மூக்கைச் சுளிப்பார்கள். கீழே கழிப்பறை கழுவுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் அட்டையில் ஐந்தாவதாக எழுதியிருந்ததை நானே ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

பத்தொன்பதாவது மூச்சில் முன் வரிசையில் அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள்.

"மிஸ், ஐஸ் கம்பெனி வாசன."

நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வாரத்தில் அவள் எனக்கு முழுதாகக் கீழ்ப்படிந்தது அன்றுதான்.

இருபது. இருபத்தொன்று. "ஆழமாக இழுங்கள்" என்று மெதுவான குரலில் சொன்னேன். நாற்பது பேரும் இழுத்தார்கள். இருபத்து நான்கில் என் கண் கரித்தது. தொண்டையில் ஏதோ உறுத்தியது. ஆறு மூச்சுதானே பாக்கி, முடித்துவிடலாம் என்று தோன்றியது. இருபத்தாறாவது மூச்சில் ஜன்னலோரப் பெண் இருமினாள். அது நிற்காத இருமல். இருமலுக்கு நடுவே, விசில் மாதிரி மூச்சு கீச்சிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமோனியா. தண்ணீரில் நன்றாகக் கரையும், கண்ணையும் நுரையீரலையும் தாக்கும் என்று அதே கரும்பலகையில் இரண்டு வாரத்துக்கு முன்னால் எழுதிப் போட்டவள் நான்.

கண்ணைத் திறக்கச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. முன் வரிசைப் பெண் நான் சொல்லாமலே ஓடி கண்ணாடி ஜன்னல்களைச் சாத்தினாள். இருமிக்கொண்டிருந்தவளிடம் இன்ஹேலர் எங்கே என்று கேட்டேன். அவளால் பேச முடியவில்லை. கையை வராந்தாப் பக்கம் நீட்டினாள். பை. என் முதல் விதி.

வராந்தாவில் நாற்பது பைகள். எல்லாம் இலவசமாகக் கொடுத்த, ஒரே நிறத்துப் பைகள். மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் பையில் இல்லை, இரண்டாவதில் இல்லை, மூன்றாவதில் டிபன் பாக்ஸ் திறந்து கொட்டியது. நான்காவதில் ஜிப்பு சிக்கிக்கொண்டது.

"அவ பையில நீலக் கயிறு கட்டிகீது மிஸ்" என்றபடி என்னைத் தாண்டி வந்த அதே பெண், சுவரோரமாக இருந்த ஒரு பையை இழுத்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தாள். மூன்று வாரமாக அவள் வேடிக்கை பார்க்கிறாள் என்று நான் நினைத்ததெல்லாம் இந்தக் கவனிப்பைத்தான்.

மருந்து உள்ளே போனது. விசில் சத்தம் கொஞ்சம் தணிந்தது, நிற்கவில்லை. மற்றவர்களை அவரவர் பாட்டில் தண்ணீரில் துப்பட்டாவை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொன்னேன். அதற்குள் ஒலிபெருக்கியில் தலைமை ஆசிரியையின் குரல் கேட்டது. எல்லா வகுப்பும் வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும். ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்ற அந்தப் பட்டியலை ஆறு மாதத்துக்கு முன்பு தட்டச்சு செய்து கொடுத்ததும் நான்தான். தீ விபத்தை மனதில் வைத்து எழுதியது.

நான் வரிசையைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினேன். முன் வரிசைப் பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கிரவுண்டு வேணாம் மிஸ். காத்து அங்கேந்துதான் வருது. அந்த லுங்கியப் பாரு."

அவசரத்தில் 'பாரு' என்றே சொல்லிவிட்டாள். பார்த்தேன். எதிர் வீட்டு மொட்டை மாடிக் கொடியில் ஒரு கட்டம் போட்ட லுங்கி. கொடியில் தொங்கவில்லை, எங்களை நோக்கி நீட்டிய கை மாதிரி விறைப்பாகப் பறந்துகொண்டிருந்தது. மைதானம் பள்ளிக்கு வடக்கே. ஐஸ் கம்பெனிக்கு இன்னும் பக்கம்.

எங்கே போவது என்று ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டேன். கேட்க எனக்குக் கூச்சமாக இல்லை, நேரமும் இல்லை. காற்றுக்கு எதிரே போகக் கூடாது, அதன் கூடவே ஓடவும் கூடாது, குறுக்கே போக வேண்டும் என்றாள். சத்துணவு சமைக்கும் கூடத்தின் பின்கதவு மேற்கே ஒரு சந்தில் திறக்கும். சந்து நேராக நெடுஞ்சாலைக்குப் போகிறது.

படிக்கட்டு குறுகல். நாற்பது பேர் ஓடினால் யாராவது விழுவார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல், வாயில் தினமும் வருவதையே எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஆழமாக இழுக்காதீர்கள், எண்ணிக்கைக்கு ஒரு படி மட்டும் இறங்குங்கள் என்றேன். ஈரத் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி இறங்கினார்கள். அந்த மூன்று வாரம் முழுக்க வீண் இல்லை என்று இப்போது சொல்வேன். அன்று அதை நினைக்க நேரமில்லை. வீசிங் பெண்ணை நான் இடுப்போடு தாங்கியிருந்தேன். அவள் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குவது என் கையில் தெரிந்தது.

கீழே தலைமை ஆசிரியை கையில் மைக்கோடு மற்ற வகுப்புகளை மைதானப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார். மைதானம் வேண்டாம், காற்று அங்கிருந்துதான் வருகிறது, சமையல் கூடத்து வழியே அனுப்புங்கள் என்றேன். உத்தரவை மீறி அதுவரை நான் அவரிடம் பேசியதில்லை. அவர் என்னைப் பார்த்தார், நனைந்த துப்பட்டாக்களைப் பார்த்தார், நான் தாங்கியிருந்த பெண்ணைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மைக்கைத் தூக்கி வழியை மாற்றிச் சொன்னார்.

நெடுஞ்சாலைக்கு வந்து, ஓர் இரும்புக் கடை வாசலில் தலைகளை எண்ணினேன். நாற்பது. மறுபடி எண்ணினேன். நாற்பது. கடைக்காரர் தண்ணீர் கேனை வெளியே தூக்கி வைத்தார். தியானம் பார்க்க வந்த அதிகாரி, கண் சிவந்து தரையில் உட்கார்ந்திருந்த எங்களைத்தான் பார்த்தார். தன் காரிலேயே வீசிங் பெண்ணையும் என்னையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வழியெல்லாம் நான் எதையும் எண்ணவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குள் கசிவை அடைத்துவிட்டார்கள். மற்ற பிள்ளைகளுக்குக் கண் எரிச்சலோடு போனது. அவள் மட்டும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பினாள்.

பள்ளியில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அறிக்கை எழுதச் சொன்னார்கள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று வழக்கம்போல வரிசையாக எழுதினேன். பத்தொன்பதாவது மூச்சில் ஒரு மாணவி எச்சரித்தாள், இருபத்தாறாவது மூச்சு வரை நான் நிறுத்தவில்லை என்பதையும் எழுதினேன். அது தேவையா என்று தலைமை ஆசிரியை கேட்டார். தேவை என்றேன். ஆஸ்பத்திரியில் இருந்த பெண்ணின் பெற்றோரிடமும் அதை நேரில் சொன்னேன். அவள் அப்பா என்னைப் பார்க்காமல், மகளின் இன்ஹேலரை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பள்ளி மறுபடி திறந்த அன்று அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினேன். முன் வரிசைப் பெண்ணைத் தனியே கூப்பிட்டேன். நான் விரலைக் காட்டியதும் ஏன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"நீங்க கெமிக்கல் படிச்சவங்க மிஸ். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிக்கினேன்."

அவள் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாலையில் அவள் அம்மாவை மீன் அங்காடியில் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வஞ்சிரத்தை வெட்டுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"அத வுடு டீச்சரு. நாளைலேந்து எம் பொண்ண ஜன்னலாண்ட உக்கார வை. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

உட்கார வைத்தேன். இப்போதும் எங்கள் வகுப்பில் ஐந்து நிமிடத் தியானம் உண்டு. பைகள் அவரவர் காலடியில் இருக்கும். தொடங்கும் முன் எல்லோரும் கண்ணைத் திறந்தபடி காற்று எந்தப் பக்கம், என்ன வாசனை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துச் சொல்வார்கள். அப்புறம்தான் கண்ணை மூடுவோம். ஜன்னலோரத்தில் முறை வைத்து ஒருத்தி மட்டும் விழித்திருப்பாள். அவள் பேசினால் மணி அடித்த மாதிரி.

முப்பது மூச்சையும் இன்றும் நானே எண்ணுகிறேன். பத்தொன்பது வரும்போது என் கண் தானாகத் திறந்துகொள்கிறது. அதை நான் மூடச் சொல்வதில்லை.