நீருக்கு மணம் இல்லை

தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. என் தம்பி மகள் நாகர்கோவிலில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மழைக்காக மூன்று நாள் பள்ளிக்கூடம் லீவு. அந்த மூன்று நாளும் அவளுடைய புத்தகப்பை கதவுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது, பாட்டிலுக்குள் பாதித் தண்ணீரோடு. மூடியின் உள்பக்கம் ரப்பர் வளையத்துக்கு அடியில் கறுப்பாக, வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். மழைநாளில் ஷட்டரை இறக்கிவிட்ட மணவாளக்குறிச்சி பஸ்ஸில், ஈரக்குடைகளுக்கும் மீன் கூடைகளுக்கும் நடுவில் நின்று பயணம் செய்து பார்த்தால் உங்களுக்குப் புரியும், மூக்கு என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுக்கப்பட்ட உறுப்பு அல்ல என்று.

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையில் வேறு என்னவெல்லாம் அழுகிக் கிடக்கிறதோ என்று கொட்டிப் பார்த்தேன். ஒரு வாழைப்பழத் தோல், பாதி கடித்த அழிரப்பர், நாலாக மடித்த வழவழப்பான காகிதம் ஒன்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் எந்தெந்த வகுப்பில் என்னென்ன படிக்கிறார்கள் என்று பெற்றோருக்குத் தெரிவிக்கும் காகிதம் அது. ஒன்றாம் வகுப்புக்கு நிறங்கள். இரண்டாம் வகுப்புக்கு நம் உதவியாளர்கள். மூன்றாம் வகுப்புக்கு இலையுதிர்காலம். ஓரத்தில் ஆரஞ்சும் சிவப்புமாக, கைவிரலை விரித்த மாதிரியான இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. முருங்கைமரம் ஒடிந்து மதிலில் கிடந்தது. இலையெல்லாம் பச்சைப்பசேல் என்றிருந்தது.

"இது எந்த மரத்துக்க எல?" என்று அவளைக் கேட்டேன்.

"தெரியாது அத்தே. மிஸ் ஒட்டச் சொன்னாவ. ஃபால் சீசன்ல எல்லா எலையும் விழுந்துருமாம்."

"இங்க விழுந்துதா?"

"புக்குல விழுதுல்லா" என்றாள்.

தம்பி மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "மைனி, நீங்க ஒண்ணும் சொல்லிக் குழப்பாண்டாம். அந்த எல பேன்சி கடையில பாக்கெட்டா கிடைக்கும், வாங்கி ஒட்டிக் குடுத்தா மார்க் போட்டுருவாவ" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஊரில் இலை உதிர்க்கும் மரம் என்றால் மேற்கே உள்ள ரப்பர்தான். அதுவும் கிறிஸ்துமஸ் கழிந்துதான் உதிர்க்கும். கண்ணுக்கு முன்னால் ஆறு பெருகி ஓடும்போது காணாத தேசத்து இலையை ஒட்டுவதற்கு ஒரு மார்க். அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடலாம் என்று கை போனது. ஆனால் கிழிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடுத்த நொடியே தோன்றியது. ஏனென்றால் நானும் ஒரு வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்திருக்கிறேன். அந்த வருடத்து அக்டோபரில் நான் நடத்திய பாடத்தை நினைத்தால் இன்றைக்கும் வாய் புளிக்கிறது.

முப்பது வருடம் இருக்கும். புதுக்கடையிலிருந்து உள்ளே போகிற பாதையில் ஒரு தொடக்கப்பள்ளி. பெயர் வேண்டாம். எனக்கு வயது இருபத்திரண்டு. நாகர்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். கஞ்சி போட்டு மொடமொடப்பாகத் தேய்த்த காட்டன் சேலை, கையில் குடை, பையில் வீட்டிலிருந்து கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர். அந்த நடையைப் பார்த்தால் கல்வித்துறையே என் பின்னால் வருகிறது என்று நினைப்பீர்கள்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்தால் எட்டாம் வாய்ப்பாடு தொடங்கும். அதோடு மழையும் தொடங்கும். ஓட்டுக்கூரையில் மழை விழும் சத்தத்தில் எட்டேழு ஐம்பத்தாறா ஐம்பத்திநாலா என்று பிள்ளைகளுக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது. ஈர யூனிபார்ம், ஈர பெஞ்சு, நாற்பது பிள்ளைகளின் தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய். ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும். திறந்தால் புத்தகம் நனையும். தமிழில் ஒரு செய்யுள், கணக்கில் வாய்ப்பாடு, அறிவியலில் 'நீர்'. இதுதான் அந்தப் பருவத்துப் பாடம்.

கல்வி அதிகாரி வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய சார் என்போம். அவர் என் வகுப்பைத் தேர்ந்தெடுத்தார். "நீர் பாடத்த எடு. சின்னப் பாடம், பிள்ளைய எல்லாம் மடமடன்னு சொல்லும்" என்றார். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். சத்துணவு சமைக்கும் கட்டிடத்துக்கு மேலே ஒரு சிமெண்ட் டாங்க் இருந்தது. கிணற்றிலிருந்து அதில் ஏற்றி, கீழே குழாயில் பிடித்துத்தான் பிள்ளைகள் குடிப்பார்கள், சமையலும் அதில்தான். அந்த டாங்கின் வெளிப்பக்கத்திலும் வெள்ளை அடித்து, 'தூய குடிநீர்' என்று நீல எழுத்தில் எழுதவைத்தார்.

செவ்வாய்க்கிழமைதான் முதலில் சொன்னார்கள். சொன்னது ஷைனி. இரண்டாவது பெஞ்சில், ஓரத்தில் உட்காரும் பெண். அப்பா இல்லை. அம்மாவுக்கு அண்டி ஆபீஸில் வேலை. முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஷைனி அதிகம் பேசமாட்டாள். பேசினால் நேராகப் பேசுவாள்.

"டீச்சரே, வெள்ளம் நாத்தம் அடிக்கு."

அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, "மழைல கெணறு கலங்கியிருக்கும். மூக்கைப் பொத்திட்டுக் குடி" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். பெரிய சார் சொல்லவில்லை, நான் சொன்னேன். என் பையில் கொதிக்கவைத்த தண்ணீர் இருந்தது.

புதன்கிழமை மதியச் சாம்பாரே நாறியது. சமையல்காரம்மாவிடம் கேட்டேன். அவள் அகப்பையை விடாமல், "சார்ட்ட அன்னைக்கே சொல்லியாச்சு டீச்சரே. ஆபீசர் வந்துட்டுப் போட்டும், பெறவு டாங்க் கழுவலாம்னாரு. வெள்ளை அடிச்ச இடத்துல ஏணி சாத்தப்பிடாதாம். நாத்தம் தெரியாம இருக்க சாம்பார்ல காயம் கொஞ்சம் கூட இடச் சொன்னாரு, இட்டிருக்கேன்" என்றாள். நான் பெரிய சாரிடம் போனேன். போனேன் என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வாசல்வரை போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "பாடம் ரெடியா?" என்றார். "ரெடி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். எனக்கு அது தற்காலிக வேலை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். வாசலிலேயே அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வகுப்புக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கேட்டேன், பிள்ளைகள் சொன்னார்கள். நீருக்கு நிறம் இல்லை. நீருக்கு மணம் இல்லை. நீருக்குச் சுவை இல்லை. நாற்பது குரலும் ஒரே ராகத்தில். அதிகாரிக்கு அது போதவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துவந்து, சரியாக ஷைனியின் முன்னால் நின்றார்.

"நீ சொல்லு பாப்பா. நீருக்கு மணம் உண்டா?"

அவள் எழுந்தாள். "உண்டு சார்."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"இல்லன்னு போட்டிருக்கு."

"அப்புறம்?"

"புத்தகத்துல உள்ள வெள்ளத்துக்கு இல்ல சார். எங்க டாங்க் வெள்ளத்துக்கு உண்டு. எலி செத்த மணம்."

அந்த மனிதர் அங்கிருந்து பத்து அடி நடந்து குழாயைத் திறந்து பார்த்திருக்கலாம். அவர் சிரித்தார். பெரிய சாரைப் பார்த்து, "நல்லா பேசுது" என்றார். குறிப்பேட்டில், மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியலில் மேலும் பயிற்சி தேவை என்று எழுதினார். மதியம் அவருக்குச் சாப்பாடு பெரிய சார் வீட்டிலிருந்து வந்தது.

ஜீப் போனதும் பெரிய சார் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "அந்தப் பிள்ளையை நூறு தடவை எழுத வை. எழுதாம வீட்டுக்கு விடாத."

எழுதவைத்தேன். மணி அடித்து எல்லோரும் போன பிறகு அவள் தனியாக உட்கார்ந்து எழுதினாள். நீருக்கு மணம் இல்லை. நீருக்கு மணம் இல்லை. நான் எதிரில் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை எழுந்து போய் வாசலில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி எழுதினாள். நான் என் பாட்டில் தண்ணீரை அவளுக்குக் கொடுத்தேன் என்று இந்த இடத்தில் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கொடுக்கவில்லை. முடிந்ததும் நூறையும் எண்ணிப் பார்த்து, அடியில் சிவப்பு மையால் 'சரி' என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

திங்கட்கிழமை என் வகுப்பில் பாதிப்பேர் வரவில்லை. வயிற்றுப்போக்கு. இரண்டு பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது என்றார்கள். அதில் ஒன்று ஷைனி.

பதினொரு மணி இருக்கும். ஷைனியின் அம்மா வந்தாள். மெலிந்த உடம்பு. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு இரண்டு கையும் கறுத்து, விரல் நுனி உரிந்திருந்தது. ஷைனி நூறு தடவை எழுதிய நோட்டை இடுப்பில் செருகியிருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். சமையல்காரம்மாவிடம் போய், "ஏணி எங்க கெடக்கு?" என்று கேட்டாள். அவளே தூக்கிவந்து வெள்ளை அடித்த சுவரில் சாத்தி, ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டாள்.

பெரிய சார் ஓடிவந்தார். "யாரக் கேட்டு ஏறுத? எறங்கு."

"பிள்ளைக்கு மூணு நாளா வயித்தால போவுது சார். ஆரையும் கேக்கியதுக்கு நேரம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

மூடியை நகர்த்தினாள். கீழே நின்ற எங்களுக்கே அது வந்து முகத்தில் அடித்தது. வாளியை விட்டுக் கோரி எடுத்து இறங்கினாள். வாளிக்குள் ஒரு பெருச்சாளி. வயிறு பந்து மாதிரி ஊதி, தோல் வெளுத்து, மயிர் தனியாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. அழுகிய இடத்தில் வெள்ளையாக நெளிந்தது. ஒரு வாரமாகப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இதைக் குடித்திருக்கிறார்கள், இதில் வெந்த சோற்றைத் தின்றிருக்கிறார்கள்.

அவள் வாளியைப் பெரிய சாரிடம் கொண்டுபோகவில்லை. என் முன்னால் வைத்தாள்.

"டீச்சரே, மோந்து பாருங்கோ. பிள்ள சொன்னது தப்பா?"

நான் பதில் சொல்லுமுன் என் வயிறு சொல்லிவிட்டது. சுவரோரம் குனிந்தேன், காலையில் தின்றதெல்லாம் வெளியே வந்தது. மொடமொடப்பான சேலையெல்லாம் எச்சில். அவள் நான் முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு நோட்டை எடுத்து விரித்தாள்.

"இதுல சரின்னு போட்டிருக்கேளே. அத வெட்டுங்கோ."

என் கையில் பேனா இருந்தது. பெரிய சார் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கோடு இழுத்தால் போதும். "விட்டுருங்கம்மா. பிள்ளைக்கு சொகமாகட்டும், பெறவு பாக்கலாம்" என்றேன். அவள் நோட்டிலிருந்து அந்தத் தாள்களை நிதானமாக, தையல் பிரியாமல் கிழித்தாள். "எனக்க பிள்ள பொய் எழுதின பேப்பரு எனக்க வீட்டுல வேண்டாம். நீங்களே வச்சுக்கிடுங்கோ" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். ஷைனி திரும்பி வரவில்லை. அந்த மாதமே அவளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். டாங்கைக் கழுவி மருந்து போட்டார்கள். பெரிய சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருடம் கழித்து மாலையும் சால்வையுமாக ஓய்வு பெற்றார். நான் மார்ச் வரை இருந்தேன். அதே பாடத்தை முழுப் பரீட்சைக்காக மறுபடி நடத்தினேன். பிள்ளைகள் அதே ராகத்தில் சொன்னார்கள். யாரும் எழுந்து மறுக்கவில்லை. எனக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது, பெருச்சாளியைவிட. பிறகு ஒரு பரீட்சை எழுதி, பிள்ளைகளே இல்லாத ஒரு அலுவலகத்துக்குக் குமாஸ்தாவாகப் போய்விட்டேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். பள்ளி இருந்த இடத்தில் ஜேசிபிகள் வரிசையாக நிற்கின்றன, வாடகைக்கு. கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள். அந்தத் தெருமுக்கில் எப்போதும் நிற்கும், முந்திரிக்கொட்டை வறுக்கிற புகையும் இல்லை. எதிர்க் கடைக்காரரிடம் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டேன்.

"பிள்ளைய எல்லாம் வேன்ல ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போயாச்சு. கொஞ்ச நாள் பூட்டிக் கெடந்துது, பெறவு இடிச்சு மாத்தினாவ. அண்டி ஆபீஸும் இல்ல இப்ப" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க அங்க படிப்பிச்ச டீச்சரா?" என்று கேட்டார்.

"இல்ல. சும்மா கேட்டேன்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனார். ஷைனி இப்போது எங்கே இருக்கிறாள், அவள் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க வாய்வரை வந்தது. டீச்சர் இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு, யார் என்று சொல்லிக்கொண்டு கேட்பது. நாகர்கோவில் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.